கேட்காமல் வாங்கிக்கொள்பவன்

அந்தப் பத்தியின் மேல் நான் போட்ட கோடு பென்சில் கோடுதான். சிவப்புப் பேனாவால் அடிக்கவில்லை. மாணவர் படைப்பில் யோசனை சொல்வது வேறு, தவறு காட்டுவது வேறு என்று பிரித்து வைத்திருக்கிறேன். யோசனைக்குப் பென்சில். ஆனால் ஐந்தாம் படிவப் பிள்ளைக்கு ஆசிரியரின் பென்சிலும் பேனாவும் ஒன்றுதான். அது எனக்குத் தெரியாமலா இருக்கும்?

கட்டுரைப் போட்டித் தலைப்பு, ‘கல்கியின் பொன்னியின் செல்வன் நாவலில் பதவி ஆசை’. 1,200 சொற்களுக்கு மேல் போனால் படிக்கவே மாட்டார்கள். என் மாணவி கொண்டுவந்ததில் 1,430.

கருப்பொருள் கட்டுரையில் பிள்ளைகள் வழுக்கி விழும் இடங்கள் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். முதல் வரியிலேயே ‘பேராசை பெருநஷ்டம்’ என்று தொடங்கிவிடுவார்கள். அப்புறம் கதையில் எது வந்தாலும் அந்தப் பழமொழிக்குச் சாட்சி சொல்ல வேண்டியதாகிவிடும். இரண்டாவது, கதைச் சுருக்கம். ஐந்து பாகத்தையும் சொல்லித் தீர்த்துவிட்டு, கருப்பொருளுக்குக் கடைசியில் நாலு வரி. மூன்றாவது, எண் குழப்பம். பெரிய பழுவேட்டரையருக்கு அறுபத்து நாலு விழுப்புண், விஜயாலய சோழருக்குத் தொண்ணூற்றாறு. இரண்டையும் மாற்றிப் போடாத வகுப்பை நான் பார்த்ததில்லை. ஒரு பத்திக்கு ஒரு கருத்து, அதற்கு நாவலின் வெவ்வேறு பாகங்களிலிருந்து இரண்டு காட்சி, அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி. சனிக்கிழமை வகுப்பில் நான் சொல்லித் தருவது இவ்வளவுதான்.

இந்தப் பிள்ளை அத்தனையும் சரியாகச் செய்திருந்தாள். கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டத்தில், பெரிய பழுவேட்டரையரின் இளைய ராணி நந்தினி இருப்பதாக எல்லோரும் நினைத்த மூடுபல்லக்கிலிருந்து மதுராந்தகன் வெளியே வருகிறான் அல்லவா, அதை எடுத்திருந்தாள். ஆட்சிக்கு ஆசைப்படுபவன் பெண் ஏறும் பல்லக்குக்குள் ஒளிந்து வர வேண்டியிருக்கிறது, கல்கி அவனை முதலிலேயே சிறுமைப்படுத்திவிடுகிறார் என்று எழுதியிருந்தாள். ருத்ராட்சமும் சிவபக்தியுமாக வளர்ந்தவனுக்கு, சின்னப் பழுவேட்டரையர் மகளைக் கட்டிய பிறகுதான் இந்த ஆசை முளைக்கிறது என்பதையும் விடவில்லை. நல்ல வாசிப்பு. பக்க ஓரத்தில் ‘சிறப்பு’ என்று எழுதினேன்.

அடுத்த பத்திதான் வில்லங்கம். சுருக்கமாகச் சொன்னால் இப்படி: மதுராந்தகன் கேட்டது யாரோ ஒருவருடைய சிம்மாசனத்தை அல்ல. கண்டராதித்தர் சோழ நாட்டை ஆண்டார், அவருடைய பிள்ளை கேட்கிறான். கண்டராதித்தருக்குப் பின் தம்பி அரிஞ்சயர், அவர் மகன் சுந்தர சோழர் என்று வழி மாறிப்போனது சின்னப் பிள்ளையாக இருந்தவனின் குற்றமா? வந்தியத்தேவனும்தான் இழந்துபோன வாணர் குலத்து அரசை மீட்கத் துடிக்கிறான். அதற்குப் பெயர் இலட்சியம். இவனுடையது மட்டும் ஏன் பேராசை?

“இது வேணாம்மா. கதைய விட்டு வெளியே போகுது,” என்றேன்.

அவள் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “டீச்சர், கேக்குறவன் பேராசைக்காரன். வேணாங்குறவன் தியாகி. அப்ப கேக்காம வாங்கிக்கிறவன் யாரு?”

“சொல் எண்ணிக்கை கூடிப்போச்சும்மா,” என்றேன்.

இதுதான் நான் சொன்ன பதில். பொய் இல்லை. 230 சொல் குறைக்கத்தான் வேண்டும். அந்தப் பத்தி மட்டுமே 180 சொல் வரும். ஆனால் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குறைக்க வேறு இடம் இல்லாமலும் இல்லை. நந்தினிக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தாள். அது நூறு பேர் எழுதுவது. அதில் கை வைக்கவில்லை, நடுவர்களுக்கு நந்தினி பிடிக்கும்.

என் பக்க நியாயம் இல்லாமல் இல்லை. கருப்பொருளை நாவலுக்குள்தான் தேட வேண்டும். வம்சாவளியை வைத்துக் கல்கியோடு வழக்காடினால் அது வரலாற்றுக் கட்டுரையாகிவிடும், புள்ளி போகும். இத்தனை வருடமாகத் தாள் திருத்துகிற கை அதைத்தான் சொல்லும்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அவள் கேள்வி நாவலுக்கு உள்ளேயே இருப்பது புரிந்தது. முடிசூட்டு விழாவில் சுந்தர சோழரின் மகன் அருள்மொழி, பின்னாளில் ராஜராஜ சோழர் ஆனவர், கிரீடத்தைத் தன் தலையில் வைக்காமல் சேந்தன் அமுதன் தலையில் வைக்கிறார். பூத்தொடுத்துக்கொண்டு, தேவாரம் பாடிக்கொண்டிருந்த பிள்ளை. கண்டராதித்தரின் ராணி செம்பியன் மாதேவி பெற்ற மகன் அவன்தான், மதுராந்தகன் இல்லை என்று ஆகிவிடுகிறது. வரலாற்றில் செம்பியன் மாதேவியின் மகனும், ராஜராஜருக்கு முன் ஆண்ட உத்தம சோழரும் ஒரே ஆள். கல்கி அந்த ஒருவரை இரண்டாக்கி, ஆசையை ஒருவனுக்கும் அரியணையை இன்னொருவனுக்கும் கொடுத்துவிட்டார். ஆசைப்பட்டவனுக்கே நாற்காலி கிடைத்தது என்று எழுத மனம் வரவில்லையோ என்னவோ.

ராஜேந்திர சோழர் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறது. குடிகள் வேண்டிக்கொண்டும், சிற்றப்பா உத்தம சோழருக்கு நாட்டின் மேல் ஆசை இருக்கும் வரை அருள்மொழி அதை மனத்தாலும் விரும்பவில்லை என்கிறது. ஆக, சிற்றப்பா ஆசைப்பட்டார், பெற்றார். ஆனால் அந்தச் செப்பேட்டை வெட்டச் சொன்னது அருள்மொழியின் மகன். அப்பாவின் மனத்தில் என்ன இருந்தது என்று மகன் சொல்வதை எவ்வளவு தூரம் நம்புவது? மனத்தாலும் விரும்பாத அந்த மனிதர்தான் 985ல் அரியணை ஏறி, ஈழம் வரை படை அனுப்பி, 1010ல் பெரிய கோயிலைக் கட்டி முடித்து, ‘நாம் கொடுத்தன’ என்று கல்லிலும் வெட்டி வைத்தார். அவள் கேட்ட ஆள் யார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. வகுப்பில் தெரிந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா என்றால், சந்தேகம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவளுடைய முடிவுரையில், தந்தை துறந்ததாகச் சொல்லப்பட்ட ஆசை மகன் காலத்தில் 1025ல் கப்பலேறிக் கடாரத்துக்கு, இன்றைய கெடாவுக்கு, வந்தது, வானம் தெளிந்த நாளில் பினாங்கிலிருந்தே அங்குள்ள ஜெராய் மலை தெரியும் என்று இரண்டு வரி இருந்தது. அதுவும் நாவலுக்கு வெளியேதான். அதை நான் அடிக்கவில்லை. உள்ளூர் நடுவர்கள் ரசிப்பார்கள் என்று விட்டுவைத்தேன். கதையை விட்டு வெளியே போவதில் எனக்கு அப்படியொன்றும் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை சுத்தப்படி கொண்டுவந்தாள். பத்தி இல்லை. முகத்தில் கோபமும் இல்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. நந்தினி பக்கத்திலும் 50 சொல்லை அவளே கழித்திருந்தாள். உறையில் போடுமுன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். மதுராந்தகனைப் பற்றிய இடங்களில் முதல் படியில் ‘பேராசை’ என்று இருந்ததெல்லாம் ‘ஆசை’ என்று மாறியிருந்தது. ஓர் இடம்கூட விடவில்லை. எண்ணிக்கையில் ஒரு சொல்லும் கூடாது, குறையாது.

பென்சில் மேசை மேல்தான் கிடந்தது. உறையை ஒட்டினேன்.