ஒரே வீட்டில் நான்கு யோர்கோஸ்

கிரேக்கப் பெயர்களின் பொருள் அழகுதான். இரினி என்றால் அமைதி, சோஃபியா ஞானம், எலெஃப்தெரியா சுதந்திரம். யோர்கோஸ் மண்ணை உழுபவன். நம் ஊர் ஜார்ஜ்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! பிலிப் குதிரைப் பிரியன், ஸ்டீபன் மகுடம்.

ஆனால் அங்கே பெற்றோர் பொருள் பார்த்துப் பெயர் வைப்பது குறைவு. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர் என்பதே மரபு. தாத்தாவுக்கு நான்கு மகன்கள் என்றால், ஒரே பெயரில் நான்கு பேரன்கள்! "யோர்கோ" என்று பாட்டி குரல் கொடுத்தால் யார் போவது? ஞானஸ்நானம் முடியும்வரை பல வீடுகளில் குழந்தை வெறும் 'பெபிஸ்', பெண்ணானால் 'பெபா'.

எனக்குப் பிடித்தது திமித்ரிஸ். தானியங்களைக் காக்கும் பழைய தெய்வமான டிமீட்டரின் பெயரிலிருந்து வந்தது. அதைத் தாங்கியவரோ கிறித்தவப் புனிதர்! அக்டோபர் 26 அவர் திருநாள். ஊரிலுள்ள திமித்ரிஸ்களுக்கும் திமித்ராக்களுக்கும் அன்று பெயர் நாள். பலருக்குப் பிறந்தநாளைவிட அதுவே பெரிது. வாழ்த்துச் சொல்ல வயது கேட்க வேண்டியதில்லை, பெயர் தெரிந்தால் போதும். வருகிறவர்களுக்கு இனிப்புக் கொடுப்பது பெயர்க்காரரின் பொறுப்பு.