வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டு முடித்த ஆய்வு

சமுதாய சுகாதாரப் பணியாளர்களின் பணி மனநிலைக்கும் செயல்திறனுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் என் ஆய்வுத் தலைப்பு. மனநிலையை அளக்க உளவியலாளர் பால் ஸ்பெக்டர் 1985-இல் வெளியிட்ட பணித் திருப்தி வினாப்பட்டியலை எடுத்துக்கொண்டேன். சம்பளம், மேற்பார்வை, வேலையின் தன்மை என்று 9 பகுதிகள், மொத்தம் 36 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 (கொஞ்சமும் ஒப்பவில்லை) முதல் 6 (முழுக்க ஒப்புகிறேன்) வரை டிக் செய்ய வேண்டும்.

முதலில் நிரப்பிய குழுவோடு அவர்களுடைய மேற்பார்வையாளரும் அதே அறையில் உட்கார்ந்திருந்தார். கேட்கவா வேண்டும், எல்லாத் தாளிலும் 5, 6 தான். அவரைப் பிடிக்கும் என்பதற்கும் 6, அவர் என்னிடம் நியாயமாக நடப்பதில்லை என்பதற்கும் 6! இப்படித் தலைகீழ் வாக்கியங்களைக் கலந்து வைத்திருப்பதால் வாசிக்காமல் டிக் போடுபவர்களைக் கண்டுபிடிக்க முடிகிறது. அந்தத் தாள்களை ஒதுக்கிவிட்டேன்.

அப்புறம் பெயர் எழுத வேண்டாம், தாளை மடித்துப் பெட்டியில் போட்டால் போதும் என்று மாற்றியதும் சம்பளத்துக்கும் எழுத்து வேலைக்கும் கொடுத்த மதிப்பெண்கள் மடமடவென்று இறங்கின. வேலையின் தன்மைக்கு மட்டும் மதிப்பெண் குறையவே இல்லை. "வீடுகளுக்குப் போவது பிடிக்கும், திரும்பி வந்து அதையே நோட்டிலும் போனிலும் எழுதுவதுதான் பிடிக்காது" என்றார் ஒருவர்.

செயல்திறன்தான் உண்மையான தலைவலி. பதிவேட்டில் உள்ள வருகைக் கணக்கை நான் நம்பவில்லை. பிரசவமான வீடுகளில் 7 முதல் 14 நாளுக்குள் பணியாளர் வந்தாரா என்று தாய்மார்களிடமே கேட்டேன். குழந்தைக்கு என்னென்ன தெரிந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றும் கேட்டேன். பால் குடிக்காதது, வேகமாக மூச்சு வாங்குவது என்று அவர்களாகச் சொன்னதை மட்டுமே கணக்கில் எடுத்தேன்.

மொத்தத் திருப்திக்கும் இதற்கும் தொடர்பு பலவீனமாகத்தான் வந்தது. ஆச்சரியமில்லை, 2001-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதே பொதுவாகப் பணித் திருப்திக்கும் செயல்திறனுக்கும் 0.30 அளவில்தான் (1 என்றால் முழுத் தொடர்பு) தொடர்பு தெரிந்தது. மேற்பார்வைப் பகுதி மட்டும் தனித்து நின்றது. தங்களோடு கூடவே வீடுகளுக்கு வந்து உட்கார்ந்து பேசும் மேற்பார்வையாளர் வாய்த்த பணியாளர்கள் போகும் வீடுகளில் தாய்மார்கள் தெளிவாகப் பதில் சொன்னார்கள்.

வாய்மொழித் தேர்வில், ஒரு வருகைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால் சரியாகிவிடாதா என்றார் ஒரு தேர்வாளர். ஊதியத்தை முழுக்கவோ பெரும்பாலுமோ செயல்திறனோடு கட்ட வேண்டாம் என்கிற உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதலைக் காட்டினேன். பரிந்துரைகளில் அதையும் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.