ஒரு பாட்டும் எங்கட பக்கத்து றேடியோச் சனமும்

எங்கட கிளிநொச்சிப் பக்கம் றேடியோ கேக்கிற சனத்தை ரெண்டாப் பிரிக்கிறதெண்டா லேசு. "என்ஜாய் எஞ்சாமி" துவங்கினவுடன சத்தத்தைக் கூட்டுற ஆக்கள் ஒரு பக்கம், வேறை ஸ்டேசனுக்கு மாத்துற ஆக்கள் மற்றப் பக்கம். நடுவில நிக்கிற ஆளை நான் இன்னும் காணேல்ல. அறிவு எண்ட பெடியன் எழுதி, அவரும் தீ எண்ட பாடகியும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரிச்சு 2021 மார்ச் 7 யூடியூப்பில வந்த பாட்டு அது, அந்த நேரம் இஞ்ச காலபோக நெல்லு வெட்டு முடிஞ்சு சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணி எத்தினை ஏக்கருக்குக் குடுப்பினம் எண்டு சனம் கதைச்சுக்கொண்டிருந்தது, கொஞ்ச நாளில பாத்தா ஓட்டோவுக்கும் அதுதான் சலூனுக்கும் அதுதான் ரிங்ரோனும் அதுதான். பாட்டுகள் வரும் போகும், இது போகேல்ல. இண்டைக்கும் நேயர் விருப்பம் எண்டு போனைத் திறந்து விட்டா ஆரோ ஒரு ஆள் அதைத்தான் கேக்கிறார்.

கிளிநொச்சியில சின்னத் தையல் கடை வச்சிருக்கிறன். காலமை கடை திறக்கேக்க போடுற றேடியோ பின்னேரம் பூட்டேக்கதான் நிக்கும், மெசின் சத்தத்துக்குள்ள கேக்கோணும் எண்டு கொஞ்சம் கூட்டித்தான் வைக்கிறது. அதால கடைக்கு வாற சனம் பாட்டைப் பற்றி ஏதாவது சொல்லாமல் போறதில்லை. அளவெடுக்க வந்த ஆளும் சொல்லும், பக்கத்துக் கடைக்காரரும் எட்டிப் பாத்துச் சொல்லுவார். இந்தப் பாட்டுக்கு நடந்த மாதிரி வாக்குவாதம் வேறை எந்தப் பாட்டுக்கும் என்ர கடையில நடந்ததில்லை.

முன்னால ஓட்டோ நிப்பாட்டுற அண்ணை மாத்துற கட்சி. அவருக்குப் பாட்டில கோவமில்லை, அதை முதல்லயே சொல்லிப்போடுறன். "அந்தப் பிள்ளை நல்லாப் பாடுது, அந்தப் பெடியனும் நல்லா எழுதியிருக்கிறான், ஆனா பரந்தனுக்குப் போகேக்க ஒருக்கா திரும்பி வரேக்க ஒருக்காக் கேட்டா மனுசனுக்கு என்ன வரும்" எண்டு கேப்பார். அவருக்கு ஓட்டத்தில இளையராஜா வேணும். அதிலயும் எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு வேண்டாம், றேடியோவில அபூர்வமா வாறதுகள்தான் வேணும். நியாயமான கதைதானே, றேடியோ எண்டுறது எங்களுக்குத் தெரியாததையும் தாறதுக்குத்தான்.

சலூன் பெடியள் நேர் எதிர். எங்கட தமிழ் எஃப்எம் எண்டா சினிமாப் பாட்டுத்தான், ஒரு கதாநாயகன் ஆடாத பாட்டு நாள் முழுக்கப் போறது அவையளுக்குப் பெரிய விசயம். மாஜ்ஜா எண்டு ஏ. ஆர். ரஹ்மானும் சேந்து துவங்கின நிறுவனம்தான் அதை வெளியிட்டது, சினிமாவுக்கு வெளியில பாடுற தமிழ்ப் பிள்ளையளுக்கு இடம் குடுக்கத்தான் அதைத் துவங்கினவை எண்டு அவையளுக்கு எல்லாம் தெரியும், யாழ்ப்பாணத்தில பிறந்து கனடாவில வளந்த ஷான் வின்சென்ட் டி பால் எண்ட றாப் பாடகர் வரைக்கும் தெரியும். ஒருத்தன் என்னட்டக் கேட்டான், அக்கா உந்த ஒரு பாட்டைப் போடுற நேரத்தில அவரின்ர ஒரு பாட்டை, இல்லாட்டி இஞ்ச எங்கட பெடியள் போனில எடுத்துப் போடுறதில ஒண்டை ஏன் போடக் கூடாது எண்டு. அதுக்கு என்னட்ட மறுமொழி இல்லை. யோசிச்சா அவனும் ஓட்டோ அண்ணையும் சொல்லுறது ஒண்டுதான், ரெண்டு பேரும் அதை ஒத்துக்கொள்ள மாட்டினம்.

இப்ப மலையாளபுரத்து அம்மாவைப் பற்றிச் சொல்லோணும், நான் இதை எழுதுறதே அவவாலதான்.

சட்டை பிரிச்சுத் தைக்கக் கொண்டு வாறவ. வயசு எழுபதுக்கு மேல இருக்கும். ஒருநாள் இந்தப் பாட்டுப் போகுது, நான் அலுப்பில மாத்தப் போனன். "மாத்தாதம்மா, முழுசாப் போகட்டும்" எண்டா. மெசினை நிப்பாட்டிட்டுப் பாத்தன். கையில இருந்த சட்டையின்ர கொழுக்கியை விரலால பூட்டுறதும் கழட்டுறதுமா நிண்டா, பாட்டு முடியுமட்டும் அதையேதான் செய்தா, என்னைப் பாக்கேல்ல. முடிஞ்ச பிறகு மெல்லமா வேறை ஒரு பாட்டுப் பாடினா, வேலை வாங்குற கங்காணியைப் பேசுற பாட்டு, தேயிலைத் தோட்டத்தில கொழுந்து எடுக்கேக்க அவவின்ர அம்மா பாடுறதாம். ரெண்டு வரி பாடியிருப்பா, சீருடைக்கு அளவு குடுக்க ஒரு தகப்பனும் பிள்ளையும் உள்ளுக்க வர நிப்பாட்டிட்டா.

அவவின்ர அண்ணர் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேற தலைமன்னாருக்குப் போன கோச்சியில, ரெயினில, ஏறின ஆக்கள். அந்தக் கோச்சிக்கு மலையகத்துச் சனம் அழுகைக் கோச்சி எண்டு பேர் வச்சிருந்தது. 1948இல குடியுரிமைச் சட்டம் வந்து, இந்தியாவில இருந்து வந்த தோட்டத்துச் சனத்தை நாடில்லாத ஆக்களாக்கினது, 1964இல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்து வச்சு 525,000 பேர் இந்தியாவுக்கு 300,000 பேர் இஞ்ச எண்டு பிரிச்சினம், மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல திரும்பவும் சரி பாதியாப் பிரிச்சினம். அப்பிடிப் பிரிக்கேக்க அண்ணர் அங்கால போக தங்கச்சி இங்கால நிண்டிட்டா. தலைமன்னாரில இருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல். அதுக்குப் பிறகு கொஞ்சக் காலம் கடிதம் வந்ததாம், பிறகு அதுவும் இல்லை. அவவும் 1977 கலவரத்தோட தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவதான். அந்த நேரம் வவுனியாப் பக்கம் காந்தியம் எண்ட அமைப்பு பண்ணையள் போட்டு அப்பிடி வந்த சனத்தைக் குடியேத்தினது, கனபேர் கிளிநொச்சிக் காடுகளையும் வெட்டி இருந்தவை. இண்டைக்கு மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் எண்டு நாங்கள் சொல்லுற ஊர்களில கூடுதலா இருக்கிறது அந்தச் சனமும் அவையின்ர பிள்ளையளும்தான்.

இந்தப் பாட்டை எழுதிப் பாடின அறிவின்ர பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில வேலை செய்து, பிறகு இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட ஆள். பாட்டுக்குள்ள அவவின்ர பேரும் வருது. மலையாளபுரத்து அம்மாவுக்கு இந்த விசயம் ஒண்டும் தெரியாது, நான் சொல்லித்தான் தெரியும். தெரியாமலே அவ கேட்டு நிண்டவ எண்டதுதான் எனக்கு நெஞ்சில நிக்குது. கோச்சி ஏறிப்போன ஒரு குடும்பத்தின்ர பேரன் பாடினது, இஞ்ச நிண்டிட்ட ஒரு தங்கச்சியின்ர காதுக்கு எங்கட கடை றேடியோவால வந்து சேந்திருக்கு.

மாத்துற கட்சியில ஓட்டோ அண்ணை மாதிரி ஆக்கள் மட்டும் இல்லை எண்டதையும் எழுதத்தான் வேணும். ஒரு மனிசி, நல்ல இடத்து ஆள், "உந்தத் தோட்டக்காட்டுப் பாட்டை நிப்பாட்டு பிள்ளை" எண்டு சொன்னவ. தோட்டக்காடு எண்டுறது மலையகத்துச் சனத்தை இளக்காரமாச் சொல்லுற சொல்லு. கடைக்குள்ள அந்த நேரம் வேலைக்கு நிண்ட பிள்ளை பாரதிபுரத்துப் பிள்ளை. அவள் தலையைக் குனிஞ்சு ஊசியில நூல் கோத்தாள். நான் அந்த மனிசிக்குச் சொன்னன், இந்தக் கடைக்குள்ள அந்தப் பேச்சு வேண்டாம் எண்டு. அவ பிறகு வாறதில்லை, வராட்டிப் பறவாயில்லை. நெல்லு விதைக்க, களை பிடுங்க, வரம்பு கட்ட எண்டு எல்லாத்துக்கும் எங்களுக்கு அந்தச் சனம் வேணும். குளத்துத் தண்ணி பாயிற வயல்க் காணி மட்டும் அவையில கனபேருக்கு இல்லை, மேட்டுக் காணியில ஒரு கொட்டிலும் கிணறும், உழைப்பு மற்றாக்களின்ர வயலில. நிலத்தில பாடுபட்டும் நிலம் கிடைக்காத ஆக்களைப் பற்றின பாட்டு எங்கட ஊரில ஏன் சிலருக்குக் குத்துது எண்டு இதுக்கு மேல நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இன்னொரு குறையும் இருக்கு, அதைக் கேட்டது முள்ளியவளையில. அம்மாவின்ர ஊர் அது. அங்க கூத்துப் பழக்கின ஒரு வயசான ஐயா இருக்கிறார், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகேக்க அவரைப் பாக்காமல் வாறதில்லை. அவருக்கு இந்தப் பாட்டில மத்தளமில்லை, பின்பாட்டுக்காரர் இல்லை, கொம்பியூட்டரில போட்ட அடி. "நாட்டார் பாட்டெண்டா ஒராள் படிக்க மற்றாக்கள் வாங்கிப் படிக்கோணும், அப்பதான் அது ஊரின்ர பாட்டு" எண்டார். நான் அவரோட முழுசா ஒத்துப் போகேல்ல. பாட்டியட்டக் கேட்டதைப் பேரன் தன்ர காலத்துச் சத்தத்தில பாடினா அதுவும் ஊரின்ர பாட்டுத்தான். ஆனா அவர் பிறகு கேட்டதுக்கு என்னால வாய் திறக்கேலாமல் போச்சு. வைகாசி விசாகப் பொங்கலுக்கு உப்புத் தண்ணியில விளக்கெரியுது எண்டு ஒவ்வொரு வருசமும் றேடியோவில சொல்லுறாங்களே, அதே ஊரில விடிய விடிய ஆடின கோவலன் கூத்தில ஒரு பாட்டை எந்த றேடியோவாவது நேயர் விருப்பத்தில போட்டிருக்குதோ, நெல்லு வெட்டேக்க பாடுற அருவி வெட்டுப் பாட்டுப் போட்டதோ, நெல்லுச் சூடு மிதிக்கேக்க மாட்டுக்குப் பின்னால நடந்து பாடினதைப் போட்டதோ எண்டார். இப்ப வெட்டுறது மெசின், அடிக்கிறதும் மெசின். அந்தப் பாட்டுகள் வயலில இல்லை. றேடியோவிலயும் இல்லையெண்டா பிறகு எங்கதான் இருக்கும்?

அதாலதான் சொல்லுறன், குறை பாட்டில இல்லை, போடுற விதத்தில. நாட்டார் இசைக்கு இடம் குடுக்கிறம் எண்டு இந்த ஒண்டையே திருப்பித் திருப்பி ஓட விட்டா, ஆசையா இருந்தவனுக்கும் வெறுக்கும், மற்றப் பாட்டுகளுக்கும் கதவு திறக்காது. போடேக்க பேரையாவது ஒழுங்காச் சொல்லுறாங்களோ எண்டா, அதுவும் இல்லை. நான் கேக்கிற ஸ்டேசனில கனநாள் "தீயின்ர பாட்டு" எண்டுதான் சொன்னாங்கள், சில நேரம் "சந்தோஷ் நாராயணன் இசையில" எண்டு சொல்லி விடுவாங்கள். அறிவின்ர பேர் வராது. தீ பாடினது உண்மை, சந்தோஷ் நாராயணன் தயாரிச்சது உண்மை, அவையின்ர உழைப்பை நான் குறைச்சுச் சொல்லேல்ல. ஆனா பாட்டின்ர சொல்லும் கதையும் ஆருடையது? 2021 ஆகஸ்ட்டில ரோலிங் ஸ்டோன் இந்தியா எண்ட சஞ்சிகையின்ர அட்டைப்படத்தில தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருக்க அறிவு ஏன் இல்லை எண்டு சினிமா இயக்குநர் பா. ரஞ்சித் கேட்டார், அதுக்குப் பிறகுதான் அறிவுக்குத் தனியா ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28 சென்னையில செஸ் ஒலிம்பியாட் துவக்க விழாவில தீயும் நாட்டார் பாட்டுப் பாடுற கிடாக்குழி மாரியம்மாளும் இதைப் பாடிச்சினம், அறிவு மேடையில இல்லை. அவர் அதைப் பற்றி இன்ஸ்டாகிராமில எழுத, சந்தோஷ் நாராயணனும் தீயும் மறுமொழி எழுதிச்சினம். 2024 மார்ச்சில பாத்தா, மாஜ்ஜாவிட்ட இருந்து காசு ஒண்டும் கிடைக்கேல்ல எண்டு சந்தோஷ் நாராயணனே வீடியோ போட்டார். உலகம் முழுக்க ஓடின பாட்டு, பாடுபட்டவைக்கு ஒண்டும் இல்லையாம். நிலத்துக்கும் பாட்டுக்கும் ஒரே கதையாப் போச்சு. றேடியோக்காரருக்கு இந்த வழக்குத் தீர்க்கேலாது, ஆனா எழுதின பெடியன்ர பேரைச் சொல்ல ஒரு செக்கன் போதும்.

எங்களுக்கு றேடியோ எண்டா சும்மா ஒரு சாமான் இல்லை, அதாலதான் இவ்வளவு கோவப்படுறன். சண்டை நேரம், கரண்டும் இல்லை பற்றறியும் இல்லை எண்டிருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில சைக்கிளைக் கவிட்டு வச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில வயர் இழுத்து றேடியோ கேட்ட சனம் நாங்கள். அப்பா காதை வச்சுக்கொண்டிருப்பார், அண்ணா சுத்துவான், அவன் களைச்சா நான். சுத்துறது குறைஞ்சா குரல் இழுபடும், அப்பா கையைக் காட்டுவார், திரும்ப வேகமாச் சுத்தோணும். பிபிசி தமிழோசைச் செய்தி முடிஞ்ச பிறகு ஒரு பாட்டுக்காக இன்னும் கொஞ்சம் சுத்துவம். பாட்டொண்டைக் கேக்க அப்பிடிப் பாடுபட்ட வீட்டுப் பிள்ளைக்கு, சும்மா பட்டனைத் தட்டி அதே பாட்டை நாலாந்தரம் ஓட விட்டுட்டுப் போற அறிவிப்பாளரைக் கேக்கப் பொறுக்குமோ சொல்லுங்கோ.

போன மாசம் ஸ்டேசனுக்கு வட்ஸ்அப்பில குரல் பதிவு போட்டன். மூண்டு விசயம் கேட்டன், பாட்டுப் போடேக்க அறிவின்ர பேரைச் சொல்லுங்கோ, கிழமையில ஒருக்கா அரை மணித்தியாலம் மலையாளபுரத்து அம்மா மாதிரி, முள்ளியவளை ஐயா மாதிரி ஆக்களைப் பாட விடுங்கோ, எங்கட பெடியளின்ர பாட்டையும் இடையில போடுங்கோ எண்டு. மறுமொழி வந்தது, யோசிக்கிறம் அக்கா, பதிவு செய்ய ஆள் அனுப்ப வசதியில்லை, நீங்கள் எடுத்து அனுப்பினாப் பாக்கிறம் எண்டு. சரி, அனுப்புவம். அந்த அம்மாட்டக் கேட்டிருக்கிறன், முதல்ல மாட்டனெண்டா, பிறகு மகளோட வாறன் எண்டிருக்கிறா. கடை பூட்டின பிறகு, பக்கத்து அரிசி மில் நிண்ட பிறகு எடுக்கோணும், இல்லாட்டி அந்தச் சத்தம்தான் விழும்.

வன்னிக்குள்ள இருந்து இதை வாசிக்கிற ஆக்கள், உங்கட வீட்டிலயும் அம்மம்மாவோ அப்பாயியோ பாடத் தெரிஞ்ச ஆக்கள் இருந்தா போனை வாய்க்குக் கிட்டப் பிடிக்காமல் ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு எடுங்கோ, ஃபானை நிப்பாட்டுங்கோ, பாட்டுக்கு முன்னால பேரையும் ஊரையும் அவையையே சொல்ல விடுங்கோ. ஒரு வரிதான் ஞாபகம் எண்டாலும் எடுங்கோ. மாத்துற கட்சி, கூட்டுற கட்சி எண்டு பாக்காதேங்கோ, ஓட்டோ அண்ணையும் தன்ர மாமியைப் பாட வைக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறார்.