வாஷிங்டன் ரோப்ளிங் (1837–1926)

நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டியவர். ஆற்றடியில் அஸ்திவாரம் தோண்ட, அடிப்பக்கம் திறந்த ராட்சத மரப்பெட்டியை இறக்கி, தண்ணீர் புகாதபடி அழுத்தக் காற்றை நிரப்பினார்கள். அதிலிருந்து சட்டென்று மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டும். 1872இல் அது அவரையே முடக்கியது. அதன்பின் அவருடைய குறிப்புகளைத் தளத்துக்குக் கொண்டுபோனவர் மனைவி எமிலி. எப்பேர்ப்பட்ட துணை!

பாலத்தைத் தாங்கும் வடங்களுக்கு, சோதனையில் தேறாத கம்பியை ஒப்பந்தக்காரர் கலந்து அனுப்பியது தாமதமாகத்தான் தெரிந்தது. வடத்தில் சேர்ந்துவிட்ட கம்பியை உருவ முடியாது. தேவையைப்போல் ஆறு மடங்கு வலு வைத்துக் கணக்கிட்டிருந்ததால், சுமார் ஐந்து மடங்கு மிஞ்சியது. ஆனாலும் ஒவ்வொரு வடத்திலும் 150 கம்பி கூடுதலாகச் சேர்க்கவைத்தார். அவருடைய ஆகப்பெரிய வேலை இதுதான் என்பேன்.

84 வயதில் குடும்பக் கம்பி ஆலைக்குத் தலைவரானார். அவர் சேர்த்த 16,000 கனிம மாதிரிகளை மகன் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.