சேரின் வாளியும் டார்ட்மூர் மேடும்

மிதிக்காமல் சைக்கிளில் இறங்க ஒரு இறக்கமில்லாத ஊர் எங்களுடையது. வழுக்கையாறும் மாரிக்குத்தான் ஓடும். அப்படிப்பட்ட யாழ்ப்பாணத்துப் பொடியன்களுக்கு, வரைபடத்தில் ஒரே உயரமான இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடு படிப்பிப்பது லேசான வேலையா?

எங்கள் புவியியல் சேர் ஒருநாள் மதிலில் இருந்து கழன்ற முருகைக்கல் ஒன்றோடு வகுப்புக்கு வந்தார். அதை வாளிக்குள் வைத்து, நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, தண்ணீர் தொட்ட இடத்தை ஆணியால் சுற்றிக் கீறினார். இன்னும் நாலு விரல், இன்னொரு கீறல். கடைசியில் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, "இப்ப மேல நிண்டு பாருங்கோ" என்றார். வளையம் வளையமாக ஒரு மலை கிடந்தது.

"கோடு நெருங்கினால் மூச்சு வாங்கும், விலகினால் கதைச்சுக்கொண்டு நடக்கலாம்." இதுதான் அவர் எங்களுக்குத் தந்த வாய்ப்பாடு.

போன வைகாசியில் எங்கள் வகுப்புக்காரர் நாலு பேர் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்து டார்ட்மூர் மேட்டுநிலத்துக்குப் போனோம். சாக்ஃபர்டுக்கு மேற்கே பாட்வர்தியில் காரை விட்டுவிட்டு, சுற்றி நடந்து அங்கேயே திரும்பி வருவதாகத் திட்டம். நடக்க நடக்கக் கருங்கல். எங்கள் ஊரில் கிணறு வெட்டினால் வருகிற சுண்ணாம்புக்கல் இதற்குப் பக்கத்தில் குழந்தை. இந்தப் பாறைக்கு வயது ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகள்.

முதலில் ஷவல் டவுன் என்ற மேடு. புல்லுக்குள் முழங்கால் உயரக் கற்கள் இரட்டை வரிசையாகப் போகின்றன. தெற்கே ஆளுயரத்தை விஞ்சி ஒரு நெடுங்கல் நிற்கிறது. நட்டவர்கள் வெண்கலக் காலத்து மனிதர்கள். பிற்காலத்தவர் அதிலேயே எழுத்து வெட்டித் தேவாலயப் பங்குகளின் எல்லைக்கல்லாக்கிவிட்டார்கள்.

அப்புறம் வடக்கு டீன் ஆற்றுக்கு இறங்கினோம். ஆற்றோரப் பாறை ஒன்றில் ஆள் நுழையக்கூடிய ஓட்டை இருக்கிறது, டோல்மன் கல் என்கிறார்கள். சுழன்ற தண்ணீரும் கூழாங்கல்லும் குடைந்தது அது. அதற்குள்ளால் போனால் வாதம் தீரும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. முழங்கால் நோவுள்ள நண்பன் கும்பிட்டுவிட்டுத்தான் நுழைந்தான்.

மேட்டில் ஸ்கோர்ஹில் கல்வட்டம். 27 மீற்றர் அளவு விட்டம், இன்று நிற்பவை 23 கற்கள். வேலியில்லை, நுழைவுச் சீட்டில்லை, செம்மறிகள் மேய்கின்றன. என்ன சடங்குக்கு நட்டார்களோ, எனக்குச் செருப்போடு உள்ளே போக மனம் வரவில்லை. கழற்றிவிட்டுத்தான் போனேன். நாலாயிரம் ஆண்டுக்கு முன் இந்தக் குளிரில் இவ்வளவு பாரத்தை இழுத்து நிமிர்த்தியவர்களுக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

கிட்லி பக்கம் காடு. ஓக் மரங்களின் அடி முதல் கிளை வரை பாசி, கீழே ஆற்றுச் சத்தம். வரைபடத்தில் அந்த இடத்துக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஏறும்போது யாருமே கதைக்கவில்லை.

கடைசியாக 437 மீற்றர் உயரக் கெஸ்டர் பாறை. உச்சியில் பெரிய கிண்ணம் மாதிரி ஒரு குழி. பூசாரிகள் செதுக்கியது என்று முன்பு எழுதியிருக்கிறார்கள். உண்மையில் மழையும் உறைபனியும் தின்றது. அன்று பாதிக்குத் தண்ணீர் நின்றது. அதற்கு மேலே காய்ந்த கல்லில் பழைய தண்ணீரின் கோடு ஒன்று, இன்னும் மேலே மங்கலாக மற்றொன்று. நாலு பேரும் குனிந்து பார்த்தபடி நின்றோம்.

"சேரின்ர வாளி," என்றான் ஒருவன்.