ஓரம் போன பர்ஸ்

என் பர்ஸுக்குப் பதினோரு வயதாகிறது. வாங்கிய புதிதில் எங்கே திரும்பினாலும் அந்த மாடல்தான். இரண்டாக மடிக்கிற கறுப்புப் பர்ஸ், மூலையில் விரல் நகம் அளவுக்குத் தங்க நிறத்தில் கம்பெனிச் சின்னம். உண்மையைச் சொன்னால் அந்தச் சின்னத்துக்காகத்தான் வாங்கினேன். பணம் எடுக்கும்போது அது எதிரே இருப்பவர் கண்ணில் படுகிற மாதிரி பிடிப்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது, இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பர்ஸை வாங்கிவிட்டாய், உள்ளே வைக்க என்ன மிச்சம் இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். ஒன்றும் இல்லைதான்.

தங்க நிறம் இரண்டாம் வருடமே போய்விட்டது. சூடான அச்சை வைத்து ஒரு மெல்லிய படலத்தைத் தோல்மேல் அழுத்துவதுதான் அந்தத் தங்கம். பேன்ட் பையில் தினமும் உரசினால் எத்தனை நாள் தாங்கும்? இப்போது அழுத்திய தடம் மட்டும் இருக்கிறது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் பெயர் தெரியும். அன்று ரொம்ப வருத்தப்பட்டேன். ஆனால் அது போன பிறகுதான் இந்தப் பொருளை எதனால் செய்திருக்கிறார்கள், எங்கே எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று பார்க்கவே ஆரம்பித்தேன்.

விலை அதிகம் என்றால் தோல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. லூயி வுய்ட்டான் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் மோனோகிராம், அதாவது எழுத்தும் பூவுமாக 1896இல் உருவான டிசைன் இருக்கிறதே, அந்தப் பழுப்புப் பர்ஸ்களின் வெளிப்பக்கம் பெரும்பாலும் தோலே கிடையாது, துணிமேல் பிளாஸ்டிக் பூச்சு. அதை மட்டம் என்று சொல்லவில்லை, மழைக்கும் கீறலுக்கும் அது நன்றாகவே தாங்கும். என்னுடையது வேறு கம்பெனி, தோல்தான், ஆனால் சாஃபியானோ வகை. பிராடா என்ற இத்தாலியக் கம்பெனி பிரபலமாக்கிய வகை அது: தோல்மேல் குறுக்குக் கோடுகளை இயந்திரத்தில் அழுத்தி, மேலே ஒரு பூச்சுக் கொடுத்துவிடுவார்கள். சாவியோடு ஒரே பையில் வருடக்கணக்காகக் கிடந்தும் கீறல் விழவில்லை. குறை என்னவென்றால் அது அழகாக வயசாகவும் மாட்டேன் என்கிறது. நண்பன் ஒருவன் அதே சமயத்தில் தாவரச் சாற்றில் பதனிட்ட தோலில், பெயரே கேள்விப்படாத ஒரு பர்ஸ் வாங்கினான். வெயிலும் கை எண்ணெயும் பட்டுப்பட்டு, வெளிறிய மரநிறத்தில் இருந்தது இன்று கரும்பழுப்பாகப் பளபளக்கிறது. என்னுடையது அன்று எப்படிக் கறுப்போ இன்றும் அப்படியே கறுப்பு. கொஞ்சம் பொறாமைதான்.

முதலில் போனது தோல் அல்ல, ஓரம். பர்ஸின் ஓரங்களை இரண்டு விதமாக முடிப்பார்கள். ஒன்று, தோலை மெலிதாகச் சீவி உள்ளே மடித்துத் தைப்பது. இன்னொன்று, அடுக்குகளை வெட்டியபடியே ஒட்டித் தைத்து, வெட்டுவாய் தெரியாமல் இருக்க ரப்பர் மாதிரி ஒரு பெயின்டைப் பூசுவது. என்னுடையது இரண்டாவது வகை. கடையில் பார்க்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் மடிக்கிற இடத்தில் ஒரு நாளைக்கு இருபது முறை திறந்து மூடினால் எந்தப் பெயின்டும் விரிசல் விடும். நாலாவது வருடம் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழுந்தது, ஆறாவது வருடம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, உள்ளே இருந்த அடுக்குகள் பல்லிளித்தன. இன்று யாராவது பர்ஸ் வாங்க என்னைக் கூப்பிட்டால் நான் சின்னத்தைப் பார்ப்பதில்லை, நேரே மடிப்பின் ஓரத்தைத்தான் பார்க்கிறேன். கூட வந்தவர்கள் என்னை விநோதமாகப் பார்ப்பார்கள்.

வாங்கிய கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். அந்த மாடலை நிறுத்திவிட்டோம், புதிய வரிசையைப் பாருங்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

ஓரம் அவர்கள் தப்பு என்றால் உள்ளே வங்கி அட்டை செருகும் பைகள் தளர்ந்தது என் தப்பு. வங்கி அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், உலகம் முழுக்க அதே அளவு, அதற்கு ஏற்ற மாதிரிதான் ஒவ்வொரு பையும் இறுக்கமாக இருக்கும். நான் ஒரு பையில் இரண்டு, சில சமயம் மூன்று என்று செருகினேன். விரிந்த தோல் திரும்பச் சுருங்காது. அப்புறம் ஒரு நாள் நல்ல புத்தி வந்து பழைய அட்டைகளை எல்லாம் எடுத்துப் போட்டேன், மிச்சம் இருந்த ஒற்றை அட்டை அந்தத் தொளதொளப்பில் நிற்காமல் எங்கேயோ வழுக்கி விழுந்துவிட்டது. புது அட்டை வரும்வரை பட்ட பாட்டை எழுதினால் அது தனிக் கதை.

பருத்த பர்ஸைப் பின் பையில் வைத்து அதன்மேலேயே மணிக்கணக்காக உட்காருவதும் அந்தக் காலத்து வழக்கம். இடுப்பிலிருந்து தொடை வரை வலி. பர்ஸால் வரும் நரம்பு வலியைப் பற்றி 1970களிலேயே மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. முன் பைக்கு மாற்றினேன், சில வாரத்தில் குறைந்தது.

போன வருடம் தோல் வேலை செய்கிற ஒருவரிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தோல் இன்னும் நன்றாக இருக்கிறது, மெஷின் தையல்தான் விட்டிருக்கிறது என்றார். மெஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கோத்துப் பிடித்திருக்கும், ஒரு இடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையலும் தளர ஆரம்பிக்கும். அவர் மெழுகு பூசிய ஒரே நூலின் இரு நுனியிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் செலுத்திக் கையால் தைத்தார். பழைய பெயின்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூன்று முறை புதிதாகப் பூசினார். நூல் நிறம் கொஞ்சம் பொருந்தவில்லை, மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இப்போது உள்ளே இரண்டு அட்டை, ஒரு அடையாள அட்டை, கொஞ்சம் நோட்டு. மற்றதெல்லாம் போனுக்குப் போய்விட்டது. நோட்டு வைக்கிற இடத்தின் உள்துணி ஒரு மூலையில் கிழிந்திருக்கிறது, அதையும் மாற்றித் தருகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். புதுசு வாங்கேன் என்பவர்களிடம் அடுத்த மாதம் வாங்குகிறேன் என்று சொல்லி வருகிறேன், நாலு வருடமாக.