தச்சு அறைக்கு வந்த லேத்

1986ஆம் ஆண்டு ஜூன் மாதம், நான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்தில், குன்னூரில் எங்கள் பள்ளியின் தச்சு அறைக்குள் நான்கு பேர், இரும்பைக் கடையும் இயந்திரமான லேத் ஒன்றை, பழையதை, உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். கைத்தொழில் ஆசிரியர் அதைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது ஆண்டுகள் இழைப்புளியும் உளியும் பிடித்த கை அது. இரும்பில் அவர் அதுவரை வேலை செய்ததே இல்லை.

முந்தைய கோடை விடுமுறையில் அவர் பன்னிரண்டு அடி நீளத்தில் தேக்குப் படகு ஒன்றைச் செய்து, பள்ளிக்குக் கீழே இருந்த தேயிலைத் தோட்டத்தின் தண்ணீர்த் தேக்கத்தில் மிதக்கவிட்டிருந்தார். அதற்கு நீராவி எஞ்சின் ஒன்றைத் தம் கையாலேயே செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. மலை ரயில் எஞ்சினின் நான்கு சிலிண்டர்களில் இரண்டு, மற்ற இரண்டில் உழைத்து வெளியேறிய நீராவியையே வாங்கிப் பற்சக்கரத்தைச் சுழற்றும் விதத்தை எங்களுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியவர் அவர். பெட்ரோல் எஞ்சின் வாங்கிப் பொருத்தலாமே என்று கேட்டேன். ஆறாயிரம் அடி உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வலுவை இழந்துவிடும் என்றும், கொதிகலனில் நாம் ஏற்றும் அழுத்தத்தை மலையின் உயரம் குறைத்துவிடாது என்றும் விளக்கினார்.

அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் டர்னராக, அதாவது லேத்தில் கடைபவராக, இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சனிக்கிழமைதோறும் வந்து கற்றுக்கொடுத்தார். நாரின் போக்குப் பார்த்து மரத்தை இழைத்துப் பழகிய ஆசிரியருக்கு, எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒன்றுபோல் எதிர்க்கும் இரும்பு புதிராக இருந்தது. அரத்தை முன்னும் பின்னும் அழுத்தித் தேய்த்தார். “வாத்தியாரே, தள்ளும்போது மட்டும் அழுத்துங்க, திரும்பி வர்றப்ப அழுத்தினா பல்லு மழுங்கிப் போயிடும்” என்று பெரியவர் எங்கள் முன்னிலையிலேயே அதட்டுவார். ஆசிரியர் தலையசைத்துவிட்டு மறுபடி தொடங்குவார். ஒரே இரும்புத் துண்டை ஒரு மாதம் அராவினார். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து, சன்னலுக்கு எதிரே பிடித்து, இடையில் கசியும் ஒளிக்கீற்று மறையும்வரை அராவினார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கான நூல் கணக்கில் அளந்து வந்தவர், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்ரோமீட்டரில் படிக்க எங்களோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து பழகினார்.

ஓரிடத்தில் மட்டும் மரவேலை அவருக்குக் கைகொடுத்தது. சிலிண்டரை வார்க்க முதலில் மரத்தில் மாதிரி செய்ய வேண்டும். இரண்டு அங்குல விட்டமுள்ள அந்தச் சிலிண்டருக்கு அவர் செய்த மாதிரியைப் போல் நேர்த்தியான மரவேலையை நான் இன்றுவரை கண்டதில்லை. ஆனால் வரைபடத்தின் அளவிலேயே அதைச் செய்துவிட்டார். கோயம்புத்தூர் வார்ப்படச் சாலையிலிருந்து வந்த சிலிண்டரைக் கடைந்தால் சுவர் மெலிந்துவிடும் என்று தெரிந்ததும், அதை ஒதுக்கி வைத்துவிட்டு மறுநாளே அவர் பேருந்தேறிப் போனார். உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஏறத்தாழ ஒரு நூல் சுருங்கும், அதைச் சேர்த்தே மாதிரி செய்ய வேண்டும், கடைவதற்கு மேற்கொண்டும் இடம் விட வேண்டும் என்று அங்கே மாதிரி செய்பவர் சொல்லி அனுப்பினார். தம் சொந்த அளவான நூலிலேயே அந்தக் கணக்கு வந்ததில் ஆசிரியருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. இரண்டாம் மாதிரிக்கு, அடிக்கு ஒரு நூல் கூடுதலாகக் கோடுகள் பிரித்த அளவுகோல் ஒன்றை முதலில் செய்தார்.

கொதிகலனைச் செம்புத் தகட்டில் செய்தோம். செம்பு தட்டத் தட்ட இறுகும். சிவக்கக் காய்ச்சினால் மறுபடி இளகும். 22.75 லிட்டருக்கு மேல் கொள்ளளவு இருந்தால் அப்போதைய கொதிகலன் சட்டத்துக்குள் வரும் என்பதால் பதினெட்டு லிட்டரோடு நிறுத்திக்கொண்டார். சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அழுத்தத்தில் ஓட வேண்டிய கொதிகலனைக் குளிர்ந்த நீர் நிரப்பி 120 பவுண்டு வரை ஏற்றி, அரை மணி நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அழுத்தினாலும் தண்ணீர் அநேகமாகச் சுருங்காது. ஆகவே இணைப்பு விட்டாலும் வெடிக்காமல் கசிந்து நின்றுவிடும் என்று பெரியவர் சொல்லியிருந்தார்.

1988 பிப்ரவரியில், பொதுத்தேர்வுக்குச் சில வாரங்களே இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, படகை இறக்கினோம். விறகு எரிந்து முள் 60ஐத் தொட்டதும், சிலிண்டரில் தேங்கிய நீரை வடிகுழாய் வழியே வெளியேற்றிவிட்டு, ஆசிரியர் நீராவியை மெல்லத் திறந்தார். கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணை மூடி எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். தேக்கத்தின் நடுவே வந்தபோது, “பேரிங்கைப் புறங்கையால தொட்டுப் பாரு தம்பி” என்றார். எஞ்சினின் சுழலும் தண்டைத் தாங்கும் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டேன். எல்லாம் இளஞ்சூட்டிலேயே இருந்தன. “சூடு ஏறலை சார்” என்றேன். இன்னும் கொஞ்சம் திறந்தார்.